ஓடைச் சத்தத்தை எடுத்துவிடுங்கள், தம்பி



‘இயற்கையில் இறைவன்’ என்று ஒரு இசைத்தொகுப்பு செய்யப் புறப்பட்டிருக்கிறீர்கள். மாதிரிக்கு அனுப்பிய முதல் பகுதியில் தம்புரா சுருதி இருக்கிறது, புல்லாங்குழல் இருக்கிறது, பின்னால் ஓடை சலசலக்கிறது, எதிரொலி தாராளமாகப் பூசியிருக்கிறது. நடுவில் ஒரு பறவை பாடுகிறது. பகுதிக்குப் பெயர் ‘கொல்லிமலை விடியல்’. பாடும் பறவையோ நைட்டிங்கேல். ஐரோப்பாவில் முட்டையிட்டு, குளிர்காலத்துக்கு ஆப்பிரிக்கா போகும் பறவை அது. கொல்லிமலையில் அதற்கு வேலை இல்லை. கணினியில் இலவசமாகக் கிடைக்கும் ஒலித்தொகுப்பு ஒன்றிலிருந்து நேராக நாமக்கல் மாவட்டத்தில் வந்து இறங்கியிருக்கிறது.

பறவையை மாற்றிவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். அது அங்கே எப்படி வந்தது என்று பாருங்கள். பக்தி உணர்வு இப்படித்தான் இருக்கும் என்று முதலிலேயே முடிவாகிவிட்டது. அதன் பிறகு அதற்குத் தோதான சத்தங்களைத் தேடியாயிற்று. ஒரு குறிப்பிட்ட நாளில் கொல்லிமலையில் பொழுது விடிந்தபோது என்ன கேட்டது என்ற கேள்வியே எழவில்லை. கேட்டிருந்தால் குண்டுகரிச்சான் அகப்பட்டிருக்கும். செம்போத்து அடித்தொண்டையில் கூப்பிட்டிருக்கும். முதல் பேருந்து கொண்டை ஊசி வளைவில் திணறும் சத்தமும் வந்திருக்கும். ‘தியான இசை’ என்று கேசட் காலத்திலிருந்து விற்பதெல்லாம் பெரும்பாலும் இந்த வகைதான். ஊதுவத்தி விளம்பரத்துக்கு அது போதும். உங்கள் கைக்கு அது குறைச்சல்.

நீங்கள் எடுத்துக்கொண்ட காரியத்தை வாழ்நாள் முழுக்கச் செய்த ஒருவரின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒலிவியே மெஸ்யான், பிரெஞ்சுக்காரர். 1908இல் அவிஞ்ஞோன் நகரில் பிறந்தார். அசைக்க முடியாத கத்தோலிக்கர். 1931இல், 22 வயதில், பாரிஸின் திரித்துவ ஆலயத்தில் ஆர்கன் வாசிக்கச் சேர்ந்தார். 1992இல் இறக்கும்வரை அந்த இடத்தை விடவில்லை. அறுபது ஆண்டு கோயில் ஊழியம். இப்படிப்பட்டவர் தன் நம்பிக்கையை இசையில் கொண்டுவர என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டு, இருட்டோடு எழுந்து, பறவை கேட்கப் போனார்.

இரண்டாம் உலகப்போரில் கண்பார்வை சரியில்லை என்று அவரை ராணுவத்தின் மருத்துவப் பிரிவில் போட்டார்கள். வெர்டன் பக்கம் இருந்தபோது செல்லோக் கலைஞர் எத்தியேன் பஸ்கியே உடனிருந்தார். எல்லோரும் தட்டிக்கழிக்கப் பார்க்கும் விடிகாலைக் காவலை மெஸ்யான் விரும்பி வாங்கிக்கொண்டார் என்று பஸ்கியே பின்னாளில் சொன்னார். முதல் பறவை எப்போது தொடங்குகிறது, அடுத்தது எப்போது சேர்கிறது என்று கேட்கத்தான் அந்த ஆர்வம். 1940இல் ஜெர்மானியர்களிடம் பிடிபட்டு, கோர்லிட்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் இருந்த கைதி முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார். கார்ல் ஆல்பர்ட் ப்ரூல் என்ற காவலர் ரகசியமாகத் தாளும் பென்சிலும் கொடுத்து உதவினார். முகாமில் ஒரு கிளாரினெட் கலைஞர், ஒரு வயலின் கலைஞர், செல்லோவோடு பஸ்கியே, பியானோவுக்கு மெஸ்யானே. அந்த நால்வருக்கு ஏற்றபடி எழுதியதுதான் ‘காலத்தின் முடிவுக்கான நால்வர் இசை’. 1941 ஜனவரி 15ஆம் தேதி, பனி உறையும் குளிரில், முகாமின் கொட்டகையில் அரங்கேறியது.

ஐயாயிரம் பேர் கேட்டார்கள், செல்லோவில் மூன்று தந்திதான் இருந்தது என்று மெஸ்யான் பல வருடம் சொல்லிவந்தார். வாசித்த பஸ்கியேயோ, நான்கு தந்தியும் இருந்தன, கூட்டம் சில நூறு பேர்தான் என்று மறுத்தார். பெரியவர்களும் கதையைக் கொஞ்சம் ஊதிப் பெருக்குவார்கள். நல்ல வேளையாக அவர் ஸ்வரங்களை எழுதும்போது அந்தப் பழக்கத்தை வெளியே வைத்துவிட்டு வந்தார்.

அந்த நால்வர் இசையின் முதல் பகுதியை நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டும். அதில் நம் பக்கத்துச் சரக்கு இருக்கிறது. கிளாரினெட் பிளாக்பேர்டாகவும், வயலின் நைட்டிங்கேலாகவும் பாடுகின்றன (அந்த ஊருக்கு நைட்டிங்கேல் பொருந்தும்). அடியில் ஓடும் பியானோவின் தாளம் 13ஆம் நூற்றாண்டில் தேவகிரியில் வாழ்ந்த சார்ங்கதேவரின் ‘சங்கீத ரத்னாகரம்’ தந்தது. அதிலுள்ள 120 தேசி தாளங்களின் பட்டியலை ஒரு பிரெஞ்சு இசைக் கலைக்களஞ்சியத்தில் கண்டெடுத்த மெஸ்யான், ஆயுள் முழுக்க அதை விடவில்லை. இங்கே ராகவர்தனம், சந்திரகலா, லக்ஷ்மீசம் என்ற மூன்று தாளங்களைத் தொடுத்து 17 கால அளவுகள் கொண்ட ஒரு வரிசை செய்தார். அதன்மேல் 29 ஸ்வரக்கூட்டுகள் கொண்ட இன்னொரு வரிசையை ஓடவிட்டார். 17, 29 ஆகியவை பகா எண்கள். இரண்டும் ஒன்றாகத் தொடங்கிய இடத்துக்கு மறுபடி வர 493 அடி நடக்க வேண்டும். அதற்கு வெகு முன்பே, மூன்று நிமிடத்துக்குள், இசை நின்றுவிடுகிறது.

தனி ஆவர்த்தனம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது விசித்திரமாக இருக்கும். நம் கோர்வை எவ்வளவு சுற்றினாலும் கடைசியில் எடுப்புக்கு வந்து விழும், சபையில் தலைகள் ஆடும். இங்கே கணக்கு வீடு திரும்புவதே இல்லை. முடிவில்லாதது என்ற ஒன்றைச் சொல்ல அவருக்கு எதிரொலி தேவைப்படவில்லை. இரண்டு எண்கள் போதுமாக இருந்தன.

ஆனாலும் அன்றைக்கு அவருக்குத் தெரிந்த பறவைகள் குறைவு. 1952இல் அவருக்கு 43 வயது, பாரிஸ் இசைக் கல்லூரியில் பத்து ஆண்டுக்கு மேலாக ஆசிரியர், நாடறிந்த பெயர். பாடுவது எந்தப் பறவை என்று காதால் மட்டும் பிரித்துச் சொல்லத் திணறினார். கொஞ்சமும் கூச்சப்படாமல் கொன்யாக் அருகே வாழ்ந்த ழாக் தெலமேன் என்ற பறவையியலாளரிடம் போய் மாணவராக உட்கார்ந்தார். பார்க்காமல், கேட்டே பெயர் சொல்லும் பயிற்சி. மறு வருடம் வந்த ‘பறவைகளின் விழிப்பு’ நடுநிசியில் தொடங்கி நண்பகலில் முடிகிறது. அதை மூன்று பேருக்குச் சமர்ப்பித்திருக்கிறார்: அந்த வருடத் தொடக்கத்தில் காலமான தெலமேனுக்கு, பியானோ வாசித்த இவோன் லொரியோவுக்கு, பிறகு காட்டுப் பறவைகளுக்கு. இனம் இனமாகப் பெயர் சொல்லி.

அதற்குப் பிறகு, 1956 முதல் 1958 வரை எழுதிய ‘பறவைகளின் பட்டியல்’. தனிப் பியானோவுக்குப் பதின்மூன்று பகுதிகள், ஏழு நூல்களில். முழுக்க வாசிக்க இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பறவையின் பெயர்தான் தலைப்பு. ஒன்று நம் மாங்குயிலின் நெருங்கிய உறவு. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊர், ஒரு பருவம், ஒரு பொழுது உண்டு. நடுவில் இருக்கும் நாணல் கதிர்க்குருவியின் பகுதி மட்டும் அரைமணி நேரம் ஓடும். பிரான்ஸின் சொலோஞ் பகுதிக் குளங்களில், ஒரு நடுநிசியில் தொடங்கி மறுநாள் இரவு மூன்று மணி வரை, 27 மணி நேரத்தில் நடந்ததை அது சொல்கிறது. தவளைகள் வருகின்றன, அல்லி வருகிறது, தண்ணீர்மேல் வெயில் ஏறி இறங்குகிறது. இத்தனை அழுத்தமான பக்தர் எழுதிய இத்தனை பெரிய படைப்பின் பதின்மூன்று தலைப்புகளில் ஒன்றில்கூட இறைவனின் பெயர் இல்லை.

உங்கள் தொகுப்பில் தலைப்பிலேயே இருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அவர் பறவைக் குரலை அப்படியே எடுத்து ஒட்டவில்லை என்பதும் முக்கியம். பறவை பாடும் வேகத்தில் மனித விரல் ஓடாது. அதன் சுருதி பியானோவின் கடைசிக் கட்டைக்கும் மேலே போகும். இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே அது நெளியும் இடைவெளி பியானோவில் கிடையாது. ஆகவே வேகத்தைக் குறைத்தார், ஸ்தாயியை இறக்கினார், இடைவெளிகளை ஒரே விகிதத்தில் அகட்டினார். குரலின் நாதத்தைக் காட்ட ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனி ஸ்வரக்கூட்டு அமைத்தார். இதையெல்லாம் கையால் எழுதினார். மனைவியான லொரியோ டேப்பில் பதிவு செய்தாலும், களத்தில் காதும் பென்சிலும்தான் முதல் சாட்சி. இருநூறு அளவில் நோட்டுப்புத்தகங்கள் இன்று பிரான்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. பறவை தெரிந்தவர்களுக்கே இன்ன பறவை என்று பிடிபடாத இடங்கள் அவர் இசையில் உண்டு. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. பொறுமையாகக் கேட்ட பின் விலகுவது வேறு. கேட்காமலே விலகுவது வேறு.

இதெல்லாம் வெள்ளைக்காரர் வழி, நம் பக்தி மரபு வேறு என்று உங்கள் நண்பர்கள் சொல்லக்கூடும். அவர்களை மார்கழியில் தினமும் ஒலிபெருக்கியில் கேட்கும் திருப்பாவையை இன்னொரு முறை கவனமாகக் கேட்கச் சொல்லுங்கள். ஆண்டாள் முப்பது பாசுரத்தில் எத்தனை விஷயங்களைக் காதாலும் கண்ணாலும் குறித்துவைத்திருக்கிறாள். ஆனைச்சாத்தன் என்று பறவைக்குப் பெயர் சொல்கிறாள். கோயில் சங்கு கேட்கிறது. ஆய்ச்சியர் தயிர் கடையும்போது மத்துச் சத்தமும் கழுத்து நகைகளின் சத்தமும் சேர்ந்து வருகின்றன. எருமைகள் மேயப் போய்விட்டன. கொல்லைக் குளத்தில் செங்கழுநீர் மலர்ந்துவிட்டது, ஆம்பல் மூடிக்கொண்டது. ஒன்று பகலில் மலரும், மற்றது இரவில் மலரும் என்பது தெரிந்தவளுக்குத்தான் இரண்டையும் ஒரே குளத்தில் வைத்துப் பொழுது காட்ட முடியும்.

பதின்மூன்றாம் பாசுரத்தில் வானத்தைப் பார்க்கிறாள். வெள்ளி எழுந்தது, வியாழன் மறைந்தது. தமிழறிஞர் மு. இராகவையங்கார் இந்த ஒரு குறிப்பைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கோள்களும் இப்படி நின்ற விடியல் எது என்று கணக்கிட்டு, ஆண்டாளின் காலத்தைக் கி.பி. 8ஆம் நூற்றாண்டில் வைத்தார். அந்தக் கணக்கை ஏற்காதவர்கள் இருக்கலாம், அது அறிஞர்கள் பாடு. நமக்கு வேண்டியது வேறு. ஒரு பக்திப் பாட்டை வான சாஸ்திரத்தோடு ஒத்துப்பார்க்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றும் அளவுக்கு அதில் தகவல் இருக்கிறது. உங்கள் ‘கொல்லிமலை விடிய’லை எந்த நிபுணரிடம் கொடுத்தாலும், அது எந்த மாதம் என்றுகூடச் சொல்ல முடியாது.

இன்னொன்று. இயற்கை என்றதும் நீங்கள் மலை ஏறப் பார்க்கிறீர்கள். திருப்பாவையில் பாதி வீட்டு வாசலிலும் மாட்டுத் தொழுவத்திலும் நடக்கிறது. 17ஆம் நூற்றாண்டு பாரிஸில் சகோதரர் லாரன்ஸ் என்ற கார்மேல் சபைத் துறவி இருந்தார். முன்னாள் சிப்பாய், போரில் கால் ஊனமானவர். மடத்தில் கிடைத்த வேலை சமையல். அது அவருக்கு இயல்பில் பிடிக்காத வேலை. ஒருமுறை மடத்துக்குத் திராட்சை மது வாங்க பர்கண்டிக்கு அனுப்பினார்கள். படகில் நடக்க முடியாமல் பீப்பாய்கள்மேல் உருண்டு உருண்டு நகர்ந்து காரியத்தை முடித்தார். பிரார்த்தனை நேரத்துக்கும் பாத்திரம் உருளும் நேரத்துக்கும் தனக்கு வேறுபாடு இல்லை என்பதுதான் அவர் கண்டது. 1691இல் இறந்தார். அவர் கடிதங்களும் பேச்சுகளும் அதன் பிறகுதான் அச்சேறின. நம் பக்கம் 1867 மே 23ஆம் தேதி வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கிய வள்ளலாரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒளி வடிவில் இறைவனைப் பாடியவர். அவர் மூட்டிய அடுப்பை இன்றுவரை அணையவிடாமல் காத்துச் சோறு போடுகிறார்கள். பெரிய அண்டாவில் சோறு கொதிக்கும் சத்தம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? மைக்கோடு போய்க் கேட்கலாமே. ஓடைச் சத்தத்துக்கு அது எவ்வளவோ மேல்.

அழகானதை மட்டும் பொறுக்காதீர்கள். மெஸ்யானின் பட்டியலில் இரவு ஆந்தைக்கு ஒரு பகுதி உண்டு. அதில் இருப்பது பயம், நடுக்காட்டில் இருட்டில் அலறல் கேட்டால் வரும் பயம்தான். ஆறுதலாக ஒரு ஸ்வரமும் சேர்க்காமல் அப்படியே விட்டிருக்கிறார். பதின்மூன்றாவதும் கடைசியுமான பகுதியில் அட்லாண்டிக் கரையோரத் தீவில் உள்ளான் இனப் பறவை ஒன்று கத்துகிறது. பனிமூட்டம் சூழ்கிறது, கப்பல்களை எச்சரிக்கும் கலங்கரைவிளக்கச் சங்கு கரகரப்பாக ஊதுகிறது. எல்லாம் அவன் செயல் என்று நம்புகிறவருக்கு, அவன் செயலில் பாதியைத் திருத்தி எழுத என்ன உரிமை? நம் குயிலையே பாருங்கள். குரலைப் பாட்டில் வைத்துக் கொண்டாடுகிறோம். அது முட்டையிடுவது காக்கைக் கூட்டில். பெட்டைக் குயில் பாடுவதும் இல்லை, கிக்-கிக் என்று கத்திக்கொண்டு பறக்கும். பாடும் கறுப்புக் குயில் ஆண். எத்தனை திரைப்பாட்டுகள் இதை மாற்றிச் சொல்லியிருக்கின்றன!

பிற்காலத்தில் மெஸ்யான் பெரிய இடங்களுக்கும் போனார். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிரைஸ் பள்ளத்தாக்கின் செம்பாறைகளைப் பார்த்துவிட்டு எழுதிய இசை 1974இல் நியூயார்க்கில் அரங்கேறியது. அந்த மாநிலத்தில் ஒரு குன்றுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அசிசி நகரத்துப் பிரான்சிஸைப் பற்றிய ஓபெரா 1983இல் வந்தது. அதற்காக எங்கோ பசிபிக்கில் கிடக்கும் நியூ கலிடோனியாத் தீவு வரை போய்ப் பறவை கேட்டு வந்தார். கேட்டுப்பாருங்கள். ஆனால் கற்றுக்கொள்ள ‘பறவைகளின் பட்டிய’லே போதும். ஓபெராவில் அவர் நீட்டி முழக்கும் இடங்களில் பக்தர்களே கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

இனி உங்கள் காரியம். அருகில் உள்ள ஏதாவது ஒரு ஏரிக்கரை, இல்லையென்றால் உங்கள் தெருமுனைப் புளியமரம். விடிவதற்கு முன் போய் உட்காருங்கள். பதிவுக்கருவி ஓடட்டும். ஆனால் கையில் நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். மணி, காற்று, எது முதலில் குரல் கொடுத்தது, எது பதில் சொன்னது, நடுவில் எந்த வண்டி போனது என்று எழுதுங்கள். பெயர் தெரியாத பறவைக்குக் குறிப்பு மட்டும் எழுதிவிட்டு, தெரிந்தவரிடம் கேளுங்கள். தமிழிலேயே தொடங்க, இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணன் கட்டுரைகளின் தொகுப்பு ‘மழைக்காலமும் குயிலோசையும்’ இருக்கிறது. பறவைகளைப் பார்த்துப் பார்த்து எழுதியவர். 1950இல் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் தொடங்கிய பத்தியை 1996இல் இறக்கும்வரை விடாமல் எழுதினார். பக்தி இலக்கியக்காரர் என்று அவரை யாரும் சொல்ல மாட்டார்கள். உங்களுக்கு இப்போது வேண்டியது அப்படி ஒருவரின் கண்தான்.

தீபாவளிக்கு ஊருக்குப் போக வேண்டிய கட்டாயம் இல்லை என்றால் சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டிக்குப் போய் வாருங்கள். வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய ஊர். கண்மாயில் கூடு கட்டியிருக்கும் பறவைகள் மிரளும் என்று அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வெடி வெடிப்பதில்லை. தமிழ்நாடே அதிரும் இரவில் அங்கே பதிவு செய்யலாம். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அங்கே கூடும் நத்தைக்குத்தி நாரைக்குப் பாட்டு வராது. அலகைத் தட்டும், கூட்டில் சச்சரவு செய்யும், அவ்வளவுதான். புல்லாங்குழலோடு அது சேராது. சேராவிட்டால் புல்லாங்குழலை எடுங்கள், நாரையை எடுக்காதீர்கள். அந்த ஊர்ப் பெரியவர்களிடம் பிள்ளைகளுக்குப் பட்டாசு இல்லாமல் எப்படிச் சமாதானம் சொல்கிறீர்கள் என்றும் கேட்டு, அனுமதி தந்தால் அந்தப் பேச்சையும் பதிவு செய்யுங்கள்.

அட்டைப்படம் தயாராகிவிட்டது, விரித்த கைகளும் உதயசூரியனும் இருக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். வரைந்தவருக்குப் பணம் கொடுத்தாயிற்று என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். முதல் பகுதியின் தலைப்பை மட்டும் ஊர், மாதம், மணி, பறவை நான்கும் தெரிந்த பிறகு வையுங்கள். அடுத்த மாதிரியை அனுப்பும்போது அந்த நோட்டின் பக்கங்களையும் படம் பிடித்துச் சேர்த்து அனுப்புங்கள். இசையைக் கேட்பதற்கு முன் அதைப் படிக்க வேண்டும். கையெழுத்து எப்படி இருந்தாலும் பரவாயில்லை, தேதியைப் போட மறக்காதீர்கள்.